ஆஃப் சைடு

எங்க விஸ்வநத்தம் தெரு கிரிக்கெட்டில் ஆஃப் சைடுன்னா வீட்டுச் சுவர். அங்கே அடிச்சா ரன் கிடையாது. இடது கைக்காரன் மட்டையைப் பிடிச்சா உடனே சண்டைதான். அவனுக்குப் பக்கமே மாறிடுமே!

இந்த 'ஆஃப்' வண்டியிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்க. இங்கிலாந்தில் வண்டிக்காரர் குதிரைக்கு இடப்பக்கமா நடப்பார். அவருக்குக் கிட்டே இருப்பது 'நியர்', வலப்பக்கம் தள்ளி இருப்பது 'ஆஃப்'. நம்ம வண்டிக்காரர் நடுவில் உட்கார்ந்து ஓட்டுறவர். அதனாலோ என்னவோ, நமக்கு இடத்தை மாடு, வலத்தை மாடுதான். எனக்கு இதுதான் தெளிவாப் படுது.

கால்பந்து ஆஃப்சைடு வேற கதை. தன் அணியை விட்டு விலகி, பந்துக்கு முன்னாடி போய் நிற்பது. அப்படி நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூணு பேராவது இருக்கணும்னு 1866-ல் விதி. 1925-ல் அதை ரெண்டாக்கினாங்க. எங்க பசங்க அந்த விதியையே தூக்கிட்டாங்க. நடுவர் இல்லாத ஆட்டத்தில் யார் பார்க்கிறது!