அவன் எங்கே? காணாமலாக்கப்பட்டோரும் அவர்தம் குடும்பத்தாரின் நீதித் தேட்டமும்

‘காணாமற்போனார்’ என்பது ஒரு சொல். ‘காணாமலாக்கப்பட்டார்’ என்பது மற்றொரு சொல். முன்னதில் வினையைச் செய்தவர் போனவரே. பின்னதில் வினையைச் செய்தவர் வேறொருவர். அவர் பெயர் மறைந்து நிற்கிறது. இலங்கைத் தமிழர் தம் துயரத்தினூடே இப்பிந்திய சொல்லை நம் மொழிக்கு அளித்துள்ளனர். ஒருவரை அரசின் காவலர் பிடித்துச் செல்வதும், பின்னர் அவர் தம்மிடம் இல்லை என மறுப்பதும் இக்குற்றத்தின் இரு கூறுகளாம். இக்குற்றத்தின் வரலாற்றையும், அதனை எதிர்த்து எளிய குடும்பங்கள் நடத்திய நெடும்போராட்டத்தையும், விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அடைக்கப்பட்ட கதவு

காவலில் உள்ளவனை நீதிமன்றத்தின்முன் நிறுத்துக எனக் கட்டளையிடும் ஆட்கொணர்வுப் பேராணையே இக்குடும்பங்களின் முதன்மையான சட்டக்கருவி. நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு உச்சநீதிமன்றத்திற்கும், 226ஆம் பிரிவு உயர்நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரத்தை வழங்குகின்றன. எனினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, தடுப்புக்காவலில் வைக்கப்பட்டோர் இப்பேராணையைக் கோர இயலாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பு பிழையானதென அதே நீதிமன்றம் வெளிப்படையாக அறிவிக்க 2017ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கதவு அடைபட்டிருந்த நாள்களில்தான் கேரளத்தில் ராஜன் என்னும் மாணவர் மறைந்தார். கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரியில் பயின்ற அவரை 1976 மார்ச் முதல் நாள் காவலர் பிடித்துச் சென்றனர். அவர் தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். அவர் ஏறாத அலுவலகப் படி இல்லை எனலாம். 1977 மார்ச் 21இல் நெருக்கடி நிலை நீங்கியது. நான்கே நாள்களில் அவர் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். ராஜன் கைதுசெய்யப்படவே இல்லை என்ற அரசின் கூற்றைக் கேரள உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். ஆயினும் மகனின் உடல் தந்தைக்குக் கிடைக்கவே இல்லை. 2006இல் அவர் மறைந்தார்.

2. ஒரு தலைமையாசிரியரும் ஓர் உதவிப் போதகரும்

திருச்சபையார் அறிந்திருக்க வேண்டிய வழக்கொன்று மணிப்பூரில் எழுந்தது. 1982 மார்ச்சில் ஹூயினிங் என்னும் நாகர் சிற்றூரின் பள்ளித் தலைமையாசிரியரையும், அவ்வூர்ப் பாப்திஸ்து சபையின் உதவிப் போதகரையும் படைவீரர்கள் முகாமுக்கு அழைத்துச் சென்றனர். இருவரும் திரும்பவில்லை. அவர்கள் முகாமைவிட்டுப் போய்விட்டனர் என்று அரசு கூறியது. உச்சநீதிமன்றம் அவ்விளக்கத்தை மறுத்து, அவ்விருவரையும் கொண்டுவந்து நிறுத்துமாறு 1983இல் பேராணை பிறப்பித்தது. ஆணை நிறைவேறாமற்போகவே, இருவரின் மனைவியர்க்கும் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வழங்குமாறு 1984இல் கட்டளையிட்டது. ‘அவர் போய்விட்டார்’ என்பது போதிய விடையாகாது, கடைசியாகக் காவலில் வைத்திருந்தவரே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்னும் நெறி இவ்வழக்கால் வலுப்பெற்றது.

3. தென்னார்க்காட்டில் நிகழ்ந்தது

1993 மார்ச்சு மாதம். விழுப்புரம் தனி மாவட்டமாவதற்கு ஆறு திங்கள் முந்திய காலம். விருத்தாசலத்தை அடுத்த முதனை ஊரைச் சேர்ந்த ராசாக்கண்ணு என்னும் கூலித் தொழிலாளியைத் திருட்டு வழக்கொன்றில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்றனர். அவர் குறவர் இனத்தவர். இவ்வழக்கைத் தழுவி 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் அவரை இருளராகக் காட்டியமையால் இதனை இங்குக் குறிப்பிடுதல் தகும். குடும்பத்தாரும் காவல் நிலையத்தில் துன்புறுத்தப்பட்டனர். பின்னர், ராசாக்கண்ணு தப்பியோடிவிட்டார் என்று காவலர் கூறினர்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாவட்ட எல்லைக்கு அப்பால், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மீன்சுருட்டிப் பகுதியில் ஓர் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஒரு நிலையத்தின் ஏட்டில் அவர் ‘தப்பியோடியவர்’. மற்றொரு நிலையத்தின் ஏட்டில் அவரே ‘அடையாளம் தெரியாத பிணம்’. இவ்விரு ஏடுகளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் ஒரு மனிதன் மறைந்துபோனான். மனிதனை மறைக்கப் பெருங்காடும் கடலும் வேண்டுவதில்லை. ஒரு மாவட்ட எல்லைக்கோடே போதும்.

அந்த இரண்டு ஏடுகளையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைக்கச் செய்தவர் அவருடைய மனைவி. அவருக்குத் துணைநின்றோர் அப்பகுதி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினர். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தியவர், பின்னாளில் அம்மன்றத்தின் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு. உயிரோடிருப்பவரைக் கொணருமாறு தொடங்கிய மனு, காவலில் நிகழ்ந்த கொலையை வெளிக்கொணர்ந்தது. குற்றமிழைத்த காவலர்க்குத் தண்டனை 2006இல்தான் கிட்டியது. பதின்மூன்று ஆண்டுகள்! கைக்குழந்தை பள்ளியிறுதி வகுப்பை எட்டும் காலம் அது.

4. திண்டிவனத்தின் பங்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைப்போர் இருளர் பலர். ஊரில் களவு நிகழின் முதலில் ஐயத்திற்கு உள்ளாவோரும் அவர்களே. இரவில் ஆடவனைப் பிடித்துச் செல்வர், எந்த நிலையத்திற்கு என்று சொல்லமாட்டார், மனைவியோ எழுத்தறியாதவள். அதே 1993ஆம் ஆண்டு விழுப்புரத்தை அடுத்த அத்தியூரில் இருளர் குலப் பெண்ணொருவருக்குப் புதுவைக் காவலர் இழைத்த கொடுமை திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணியை இம்மக்கள்பால் ஈர்த்தது. பிரபா கல்விமணி என்றும் அறியப்படும் அவர் முயற்சியால் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று.

இத்தகைய பணியின் அடிப்படை மிக எளியது. ஒருவர் பிடித்துச் செல்லப்பட்ட நாளையும் நேரத்தையும் உடனே எழுத்தில் பதித்து மேலதிகாரிகளுக்கு அனுப்புதலே அது. தந்தி வழக்கிலிருந்த 2013ஆம் ஆண்டுவரை, அஞ்சலகத்தின் நேரக்குறிப்போடு கூடிய தந்தியே ஏழையின் சாட்சியாய் விளங்கியது. காவலர் மூன்றாம் நாள் கைது செய்ததாகக் காட்டுவாராயின், முதல்நாள் தந்தி அதனைப் பொய்ப்பிக்கும்.

5. சட்டம் கற்றதும் கல்லாததும்

இக்குடும்பங்களின் கண்ணீரால் சட்டமும் சிறிது கற்றது. கைதைப் பதிவு செய்து உறவினர்க்குத் தெரிவிக்க வேண்டுமென டி. கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் விதித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கு 2005இல் செய்யப்பட்ட திருத்தம், காவலில் ஒருவர் இறந்தாலோ காணாமற்போனாலோ நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்றது. 2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்துள்ளது.

ஆயினும் காணாமலாக்குதலைத் தனிக் குற்றமென நம் நாட்டுச் சட்டம் வகுக்கவில்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையில் 2007இல் இந்தியா கையொப்பமிட்டது. இன்றளவும் அதனை உறுதிசெய்யவில்லை. இலங்கை 2016இல் உறுதிசெய்தது; காணாமற்போனோருக்கான அலுவலகத்தையும் சட்டத்தால் நிறுவியது. எனினும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது அலுவலகம் அன்று, விடையே. மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புதுப்பட்டு முகாமில் ஈழத்து ஏதிலியர் வாழ்கின்றனர்; ஆதலின் அவ்வினா நம் மாவட்டத்திற்கும் அயலானதன்று.

ஏழாண்டு செய்தியில்லையேல் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் கூறும். சொத்துக்கும் ஓய்வூதியத்திற்கும் அது வழிசெய்யலாம். தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்று கலங்கும் பெண்ணுக்கு அது விடையாகாது.

முடிவுரை

சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாள் அறுப்புக்காலம் தொடங்கி மழை பொழியும்வரை கன்மலையின்மேல் இரட்டு விரித்து, மாண்டவர்களின் உடல்களைக் காத்திருந்த வரலாற்றை நாம் அறிவோம். அவள் அரசனிடம் வழக்காடியதாக வேதம் கூறவில்லை. அவள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை, அவ்வளவே. அச்செய்தி தாவீதின் செவிக்கு எட்டிய பின்னரே எலும்புகள் சேர்க்கப்பட்டு அடக்கம் பெற்றன.

ஈச்சர வாரியர், ஹூயினிங் ஊர் மனைவியர், முதனையூர்ப் பெண்மணி ஆகிய அனைவரும் செய்தது இதுவே. அதிகாரம் தானாக எதையும் நினைவுகூர்ந்ததில்லை. அகலாது நின்றவர்களே அதனை நினைவுகூரச் செய்தனர். ஆனால் தனித்து நின்ற எவரும் வென்றதில்லை என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. முதனையூர்ப் பெண்மணிக்கு அருகில் கட்சித் தொண்டர்கள் நின்றனர். அத்தியூர்ப் பெண்ணுக்கு அருகில் ஒரு பேராசிரியர் நின்றார். நம் சபைகள் எங்கு நின்றன என்னும் கேள்வியை இவ்வரலாற்றை வாசிக்கும் ஒவ்வொரு போதகரும் தமக்குள் கேட்டுக்கொள்ளுதல் நலம். எழுதத் தெரிந்த ஒரு கையும், நாளையும் நேரத்தையும் குறித்துவைக்க ஒரு தாளும், காவல் நிலைய வாசல்வரை உடன்செல்லும் துணிவும் எந்தச் சிற்றூர்ச் சபைக்கும் எட்டாதவை அல்ல.