பெயருக்கு எத்தனை கிராம்?

இங்கே நம்மவர்கள் நாலு குடும்பம் ஒரு வீட்டில் சேர்ந்தால் மூன்று விஷயங்கள் கட்டாயம் பேச்சில் வரும். கிரீன் கார்டு, வீட்டு விலை, கார். முதல் இரண்டுக்கும் யாரிடமும் பதில் கிடையாது. மூன்றாவதில் மட்டும் எல்லோரும் நிபுணர்கள். "ஜெர்மன் கார்னா ஜெர்மன் கார்தான், கதவைச் சாத்துற சத்தமே சொல்லிடும்" என்று ஒரு கட்சி. "அந்தக் காசுக்கு ஒரு டொயோட்டா வாங்கிட்டு, மீதியில ரெண்டு தடவை குடும்பத்தோட ஊருக்குப் போய்ட்டு வரலாம்" என்று இன்னொரு கட்சி. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி ஆகிய பெயர்களுக்குக் கொடுக்கும் அதிகப்படி காசு இன்றைக்கும் நியாயம்தானா என்பதுதான் கேள்வி.

நான் கோலார் தங்க வயல்காரன். அதனால் இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் வழியில் பதில் தேடிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் தங்கத்தைக்கூடப் பெயரை நம்பி யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. சுரங்கத்துக்குள் எந்த இடத்தில் பாறையை உடைத்தாலும் அதிலிருந்து சாம்பிள் எடுத்து மேலே அனுப்புவார்கள். பாறைத் தூளை ஈயச் சரக்கோடு சேர்த்து மூசையில் உருக்கினால், ஈயம் தங்கத்தை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சூடு காட்டினால், கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும். மிஞ்சுவது குண்டூசித் தலை அளவு ஒரு மணி. அதிலுள்ள வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டு மீதியை நிறுத்தால், ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் தங்கம் என்ற கணக்கு வந்துவிடும். இதற்குப் பெயர் அஸே. சாம்பியன் ரீஃப் என்று உலகப் புகழ் இருக்கட்டும், இன்றைக்கு வந்த கல்லில் எத்தனை கிராம்? அது ஒன்றுதான் கேள்வி.

இதே கேள்வியை ஜெர்மன் கார்களிடம் கேட்போம். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

இரண்டு பெயர்களும் ஒரே பத்தாண்டில்

ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் ஊரின் பெயரும் ஜெர்மன் சரக்கின் பெயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பிறந்தபோது இரண்டுமே கெட்ட பெயர்கள்!

மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் நியூசிலாந்துச் சண்டையிலிருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூர் வந்தார். ஜான் வாரன் எழுதிய பழைய குறிப்பைப் படித்துவிட்டு 1871ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் போய்த் தேடினார். 1875ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். ஆனால் தோண்டப் பணம் இல்லை, உரிமை கைமாறியது. பெங்களூரில் லாவெல் ரோடு மட்டும் அவர் பெயரில் நிற்கிறது. 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்து மைசூர் சுரங்கத்தை நிர்வகிக்கத் தொடங்கியது. சில வருடங்களில் பங்குதாரர்களின் பணம் கரைந்தது. கோலார் என்றால் லண்டனில் சிரித்தார்கள். கடையை மூடிவிடலாம் என்று பேச்சு நடந்தபோது, கேப்டன் பிளம்மர் என்பவர் நம் முன்னோர்கள் எப்போதோ தோண்டி விட்டுப்போன குழிகளுக்கு அடியில் இன்னும் ஆழமாகப் போனார். அங்கேதான் சாம்பியன் ரீஃப் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கோலார் என்றால் தங்கம்.

ஜெர்மனி கதையும் இப்படித்தான். 1876ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு நடுவராகப் போன ஜெர்மன் பேராசிரியர் ஃப்ரான்ஸ் ருலோ, நம் நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று ஊருக்கே எழுதிவிட்டார். ஷெஃபீல்டு கத்தி என்று போலி முத்திரை குத்தி ஜெர்மன் கத்திகள் விற்கப்படுவதாக இங்கிலாந்தில் புகார் எழுந்தது. 1887ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று தெரிய வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்பது வாங்குபவனை எச்சரிக்கப் பிறந்த வாசகம்! கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டது அதற்கு முந்தைய வருடம், 1886ல்.

அவமானச் சீட்டைத் தரச் சான்றிதழாக மாற்ற அவர்களுக்கு வெகுகாலம் ஆகவில்லை. யாரும் நம்பாதபோது ஒவ்வொரு சாமானையும் சரியாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

பெயர் சம்பாதித்த காலம்

கே.ஜி.எஃப்புக்காக 1902ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அன்றைய உலகில் அது பெரிய சாதனை. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905ல்தான், எங்கள் சுரங்கத்துக்கு மூன்று வருடம் கழித்து! ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தை நம்பி 1965ல் விஞ்ஞானிகள் இங்கே பூமிக்கடியில் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த நம் ஜனங்கள் தட்டி வீடுகளில் குடியிருந்துகொண்டு, பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் உயிரைக் கொடுத்து வாங்கிக் கொடுத்த பெயர் அது.

ஜெர்மன் கார்களும் சும்மா பெயர் வாங்கவில்லை. 1936ல் மெர்சிடிஸ் டீசல் கார். மோதினால் முன்பகுதி நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் அமைப்பை 1950களின் தொடக்கத்திலேயே பெலா பரேனி யோசித்துக் காப்புரிமை வாங்கினார். 1978ல் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏபிஎஸ் பிரேக், 1980ல் ஏர்பேக். இன்று உங்கள் கரோலாவில் இருக்கும் உயிர்காப்புச் சாமான்களில் பல, முதலில் ஜெர்மன் கார்களில் வந்து பிறகு மற்றவர்களிடம் போனவை. 1970, 80களின் மெர்சிடிஸ் டாக்சிகள் மொராக்கோவில் பல லட்சம் கிலோமீட்டர் ஓடின.

நம் ஊருக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. 1954ல் டாடாவும் டைம்லர் பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். 1969 வரை அந்த உறவு நீடித்தது. 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ கம்பெனிதான் பாஷின் இந்தியக் கிளை. டீசல் பம்ப் என்றால் மைகோ என்று மெக்கானிக்குகள் சொன்ன காலம் ஒன்று உண்டு. ஆக, நாம் விமானம் ஏறும் முன்பே அந்த நட்சத்திரத்தின் மேல் மரியாதை நம் மண்டையில் ஏறிவிட்டது.

கிராம் குறைந்த கதை

கோலாரில் தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் 3, 4 கிராம் என்று இறங்கியது. தங்கத்தின் மாற்று குறையவில்லை. 1890ல் எடுத்ததும் தங்கம், 1990ல் எடுத்ததும் அதே தங்கம். ஆனால் அதே ஒரு பவுனுக்குப் பத்து மடங்கு பாறையை உடைக்க வேண்டும். அதுவும் 3 கிலோமீட்டர் ஆழத்தில், 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற பாறைக்கு நடுவில், குளிர்காற்றைக் கீழே அனுப்பிக்கொண்டே.

ஜெர்மன் கார்களுக்கும் இதேதான் நடந்தது என்பது என் கட்சி. தங்கம் போய்விடவில்லை. டன்னுக்கு எத்தனை என்பதுதான் இறங்கிவிட்டது.

திருப்புமுனை 1989. டொயோட்டா, லெக்சஸ் எல்எஸ் 400 என்ற காரை மெர்சிடிஸை விட வெகு குறைந்த விலைக்கு இறக்கியது. அந்த டிசம்பரிலேயே சின்னக் குறைகளுக்காக ஏறக்குறைய 8,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். எப்படி? வீட்டுக்கே வந்து எடுத்துப்போய்ச் சரி செய்து கொடுத்தார்கள். பெயர் இல்லாதவன் பெயர் சம்பாதிப்பது இப்படித்தான். 1887ல் ஜெர்மனி இருந்த இடத்தில் 1989ல் ஜப்பான்.

அதுவரை மெர்சிடிஸில் பொறியாளர்கள் காரைச் செய்து முடித்த பிறகு விலை போடுவார்கள் என்று சொல்வதுண்டு. 1990களில் விலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் காரை அடக்க ஆரம்பித்தார்கள். எஞ்சின் சூட்டில் உதிர்ந்துபோன வயர் உறைகள், துருப்பிடித்த கதவுகள், தகராறு செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் அந்தக் கால விளைச்சல். 1998ல் கிரைஸ்லரோடு கல்யாணம், 2007ல் விவாகரத்து. நடுவில் 2005ல் ஒரே அறிவிப்பில் 13 லட்சம் மெர்சிடிஸ் கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

உரைத்துப் பார்த்தவர்கள்

எங்கள் ஊர் அஸே ஆபிஸ் வேலையைக் கார் விஷயத்தில் செய்து காட்டியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்கள் இரண்டு. ஜெர்மன் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று காட்டத்தான் அந்தச் சோதனையே திட்டமிடப்பட்டது. காரின் பின்னால் அளவைக் கருவியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா ரோட்டில் ஓட்டினார்கள். ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. பசாட் 5 முதல் 20 மடங்கு. அவர்கள் ஓட்டிய பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது.

இந்த அறிக்கை வந்தது 2014ல். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு விஷயத்தை வெளியே சொன்னது. சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருளை, உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தார்கள். ஃபோக்ஸ்வேகனுக்கு ஆன செலவு 3,000 கோடி யூரோவுக்கு மேல். அஸேக்காரரிடம் மட்டும் நல்ல கல்லைக் காட்டும் வித்தை!

உரைத்துக் காட்டியவர்களில் ஒருவரான ஹேமந்த் பின்னாளில் வேறொரு கார் கம்பெனியில் வேலை பார்த்து, 2019ல் ஆட்குறைப்பில் வேலை இழந்தார். விசாக் கெடு நெருக்க, ஊர் திரும்ப வேண்டி வந்தது. நம்மில் பலருக்கு இந்த வரியை இரண்டு முறை படிக்கத் தோன்றும்.

சரி, வாங்கலாமா கூடாதா?

அந்தச் சோதனையிலேயே பாடம் இருக்கிறது. ஒரே நாடு, ஆனால் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் அவ்வளவு வித்தியாசம். கோலாரிலும் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து சுரங்கங்கள். ஐந்திலும் ஒரே தரம் கிடையாது. 'ஜெர்மன்' என்பது வயலின் பெயர். நீங்கள் வாங்குவது ஒரு கல்லை.

வேகத்தில் ரோட்டைப் பிடித்து ஓடுவது, பிரேக், மோதலில் காப்பு: இதில் தங்கம் இன்னும் கனமாகவே இருக்கிறது. வேக வரம்பில்லாத ஆட்டோபானுக்காகச் செய்த கார் அப்படித்தான் இருக்கும். ஆனால் காப்பு விஷயத்தில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

பத்து வருடம் செலவில்லாமல் ஓடுவது: இதில் கிராம் குறைவு. அமெரிக்காவின் நம்பகத்தன்மைக் கணக்கெடுப்புகளில் லெக்சஸும் டொயோட்டாவும்தான் வருடாவருடம் முன்னால் நிற்கின்றன. சமீப வருடங்களில் போர்ஷே, பிஎம்டபிள்யூ நல்ல இடம் பிடிக்கின்றன. ஃபோக்ஸ்வேகனும் ஆடியும் அடிக்கடி பின்வரிசையில். (ஆடி காரின் பட்டறை பில்லுக்கு ஆடித் தள்ளுபடியும் கிடையாது :-)) இன்னொன்று, இங்கே இந்தக் கார்களில் பெரும்பங்கு மூன்று வருட லீஸில் போகிறது. முதல் ஆள் சுகமாக ஓட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வாரண்டி முடிந்தபின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் நம் ஆள்தான் பாறை உடைக்கிறார்.

மென்பொருள், மின்சாரக் கார்: இதில் அவர்களே வெளியே போய்ச் சரக்கு வாங்குகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் 2023ல் சீனாவின் எக்ஸ்பெங்கிலும் 2024ல் அமெரிக்காவின் ரிவியனிலும் பணம் போட்டது. 2023ல் சீனாவில் அதிகம் விற்கும் பெயர் என்ற இடத்தை பிஒய்டி அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது.

என் தீர்ப்பு: புதிதாக வாங்கி, வாரண்டிக்குள் விற்று, ஓட்டும் சுகத்துக்குத் தெரிந்தே காசு கொடுப்பவருக்கு ஜெர்மன் கார் இன்றும் தகும். பிள்ளைகள் காலேஜ் போகும்வரை ஓட வேண்டும், பட்டறைச் செலவு கையைக் கடிக்கக் கூடாது என்பவர் அந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பெயர் கடைசியில்தான் சாகும்

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். பெயரும் சரக்கும் ஒன்றாகச் சாவதில்லை. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது கோலாரின் பெயர் உச்சத்தில் இருந்தது, ஆனால் கொழுத்த கல்லெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே லண்டன் போய்விட்டது. 1962ல் மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ். தங்க வயல் என்ற பெயரிருக்கப் பயமேன் என்று மூன்று தலைமுறை அதே ஷாஃப்டில் இறங்கியது. 2001 பிப்ரவரி 28ல் கதவு சாத்தினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். ஊரின் பெயரோ 2018ல் வந்த சினிமாவால் முன்னைவிடப் பிரபலம்!

வோல்ஃப்ஸ்பர்க் என்ற ஊர் 1938ல் ஃபோக்ஸ்வேகனுக்காகவே கட்டப்பட்டது. 2030க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைப்பதென்று 2024 டிசம்பரில் கம்பெனியும் சங்கமும் ஒப்புக்கொண்டன. அந்தச் செய்தியை என்னால் வெறும் கார்ச் செய்தியாகப் படிக்க முடியவில்லை. பெயரை நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுப்பவருக்குப் போவது காசு. அதே பெயரை நம்பி ஒரு ஊரே உட்கார்ந்திருந்தால் போவது அந்த ஊர். கிராம் குறைகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே இருக்கும் பொறியாளர்கள்தான். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு தினம் தினம் எழுதப்பட்டது. அதைப் படித்து, அடுத்த பிழைப்புக்கு வழி செய்ய வேண்டியவர்கள்தான் நேரத்தில் செய்யவில்லை.