சுனாமி மீன், சோக முகம், பனையேறும் கெண்டை... ஃபார்வர்டில் வராத மீன் கதைகள்!

வரிசையாக நிற்கும் பத்துப் பதினைந்து ராணுவ வீரர்கள். அவர்கள் கைகளில் வெள்ளி நிறத்தில், முதுகில் சிவப்புக் கொண்டையோடு, ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் ஒரு மீன். இந்த போட்டோவை நீங்களும் எங்காவது ஸ்க்ரோல் செய்தபோது பார்த்திருப்பீர்கள். `1973-ல் மீகாங் ஆற்றில் அமெரிக்க ராணுவம் பிடித்த நாகராணி' என்று தாய்லாந்திலும் லாவோஸிலும் ஃபிரேம் போட்டே விற்றார்கள். நம்ம ஊர் குரூப்களுக்கு வரும்போது தலைப்பு வேறு: `இந்த மீன் மேலே வந்தால் சுனாமி வரும். உடனே எல்லோருக்கும் பகிரவும்.'

இரண்டுமே இல்லை பாஸ். அது 1996-ல் கலிஃபோர்னியாவின் கொரோனாடோ கடற்கரையில் ஒதுங்கிய மீன். தூக்கிப் பிடித்திருப்பவர்கள் அமெரிக்கக் கடற்படையினர். நீளம் சுமார் 7 மீட்டர்.

`ஓர் ஃபிஷ்' எனப்படும் துடுப்பு மீன்தான் இது. எலும்புள்ள மீன்களில் உலகிலேயே நீளமானது. உடம்பில் செதில் கிடையாது, கடிக்கிற மாதிரி பல்லும் கிடையாது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இது சாப்பிடுவது கூனிப்பொடி மாதிரியான குட்டி உயிர்களைத்தான். ஆழ்கடலில் செங்குத்தாக நின்ற நிலையில் மிதக்கும். நோய்வாய்ப்பட்டோ, அடிபட்டோ, சாகும் தறுவாயிலோதான் பெரும்பாலும் மேலே வரும். அதனால்தான் நாம் இதை ஆரோக்கியமாகப் பார்ப்பதே இல்லை.

சுனாமிக் கதை ஜப்பானில் இருந்து வந்தது. அங்கே இதற்குப் பெயர் `ரியூகு நோ சுகாய்', அதாவது கடல் தெய்வத்தின் அரண்மனையிலிருந்து வந்த தூதர். 2011 மார்ச் மாத நிலநடுக்கத்துக்கு முன்பு ஜப்பான் கரைகளில் இந்த மீன்கள் சில ஒதுங்கியிருந்தன. நிலநடுக்கமும் சுனாமியும் வந்த பிறகு, `தூதர் அப்பவே சொல்லிட்டுப் போயிருக்கார்' என்று பேச்சு கிளம்பிவிட்டது.

ஜப்பான் ஆய்வாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. 1928 முதல் 2011 வரை பழைய செய்தித்தாள்கள், மீன் காட்சியகப் பதிவுகள் எல்லாவற்றையும் புரட்டி, ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களைத் திரட்டினார்கள். அதே காலத்தில் நடந்த 221 பெரிய நிலநடுக்கங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். மீன் வந்து 30 நாளுக்குள், 100 கிலோமீட்டருக்குள் நிலநடுக்கம் வந்ததா என்பதுதான் கேள்வி. பொருந்தியது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 2019-ல் இந்த ஆய்வு வெளியானது. 2004-ஐப் பார்த்த நம்ம கடற்கரை ஊர்களில், இப்படி ஒரு ஃபார்வர்டு எவ்வளவு பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை மாமாவோ சித்தப்பாவோ அனுப்பினால் இந்த ஒரு கணக்கைப் பதிலாக அனுப்புங்கள்.

மூஞ்சி அப்படி இல்லைங்க!

மூக்கு தொங்கி, வாய் கோணி, அழுது முடித்த முகத்தோடு ஒரு பிங்க் நிறக் கொழகொழ மீன். மீம் உலகத்தின் நிரந்தர ஸ்டார், `பிளாப் ஃபிஷ்'. 2003-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய ஒரு கடல் பயணத்தில் எடுத்த போட்டோ அது. 2013-ல் நடந்த ஓட்டெடுப்பில் `உலகின் அவலட்சணமான விலங்கு' பட்டமும் இதற்கே கிடைத்தது.

ஆனால் அந்த முகம் அதன் முகமே இல்லை. இந்த மீன் வாழ்வது 600 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில். அங்கே அழுத்தம் நாம் நிற்கும் இடத்தைவிட 60 முதல் 120 மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி இதன் சதை ஜெல்லி போல இருக்கும், எலும்பும் தசையும் ரொம்பக் குறைவு. மற்ற பல மீன்களுக்கு இருப்பது போன்ற காற்றுப்பையும் கிடையாது. தண்ணீரே நாலு பக்கமும் தாங்கிப் பிடிப்பதால் கீழே இது சாதாரண, பெரிய தலை மீன் மாதிரிதான் இருக்கும். வலையில் சிக்கி மேலே இழுத்து வரும்போது தாங்கிப் பிடித்த அழுத்தம் போய்விடுகிறது, உடம்பு தளர்ந்து சரிந்துவிடுகிறது. நாம் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தது ஒரு விபத்து போட்டோ.

இதை யாரும் குறிவைத்துப் பிடிப்பதில்லை. ஆழ்கடலில் வேறு மீனுக்காகப் போடும் இழுவலைகளில் சேர்ந்து வந்துவிடுகிறது. 2025-ல் நியூசிலாந்தில் `இந்த ஆண்டின் மீன்' போட்டியில் ஜெயித்தது இதே பிளாப் ஃபிஷ்தான். தோற்றுப்போனது ஆரஞ்சு ரஃபி. அந்த ஆரஞ்சு ரஃபியைப் பிடிக்கப் போடும் வலையில்தான் பிளாப் ஃபிஷ் மாட்டுகிறது என்பது தனிக்கதை!

வலை ஏமாற்றிய இன்னொரு மீன், பசிபிக் கடலின் `பேரல் ஐ'. தலை கண்ணாடிக் கிண்ணம் மாதிரி. உள்ளே பச்சை நிறத்தில் இரண்டு குழாய்க் கண்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். முகத்தில் கண் மாதிரி தெரியும் இரண்டு புள்ளிகள் நிஜத்தில் மூக்குத் துவாரங்கள். 1939-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் வலையில் வரும்போது அந்தக் கண்ணாடித் தலை சிதைந்துவிடும் என்பதால், அப்படி ஒரு மூடி இருப்பதே வெகுகாலம் தெரியவில்லை. ரிமோட் கேமரா அனுப்பி உயிரோடு படம்பிடித்த பிறகுதான், அந்தக் கண்கள் மேலே மட்டுமல்ல, முன்பக்கமும் திரும்பும் என்று 2008-ல் எழுதினார்கள்.

கணவனைச் சுமக்கும் மனைவி

2025 ஜனவரி கடைசியில், ஸ்பெயினின் டெனரீஃப் தீவுக்கு அருகே பகல் வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் தூண்டில் மீன் மேலே வந்தது. அதன் தலையில் விளக்கு போல ஒரு தூண்டில். உலகமே அந்த வீடியோவைப் பார்த்து உருகியது. `சாகும் முன்பு சூரியனைப் பார்க்க வந்தாள்' என்று கவிதைகள்கூட எழுதினார்கள். சில மணி நேரத்தில் அது இறந்துபோனது. உங்களில் பலர் கண் கலங்கியிருப்பீர்கள், அது தப்பில்லை. ஆனால் அதன் சைஸ் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: சுமார் 6 சென்டிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இந்தக் குடும்பத்து மீன்களின் காதல் கதை இன்னும் விநோதம். 1922-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானி பியார்னி சேமுண்ட்சன் ஒரு பெரிய தூண்டில் மீனின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு குட்டி மீன்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். தாயும் பிள்ளைகளும் என்று நினைத்தார். 1925-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் டேட் ரீகன் அப்படி ஒட்டியிருந்த ஒன்றை அறுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அது பிள்ளை இல்லை, கணவர்!

சில வகைகளில் ஆண் மீன் மிகச் சிறியது. இருட்டில் பெண்ணைக் கண்டுபிடித்ததும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோலோடு தோல் ஒட்டி, ரத்தக் குழாய்களும் இணைந்துவிடும். அதன்பின் ஆணுக்குச் சாப்பாடு எல்லாமே மனைவியின் ரத்தத்தில் இருந்துதான். மருத்துவ விஞ்ஞானிகளுக்கு இங்கே ஒரு பெரிய கேள்வி இருந்தது. மனிதர்களுக்கு வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால்கூட உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதே, முழு மீனையே இந்தப் பெண் உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது? 2020-ல் வந்த ஆய்வு, இந்த வகைகளில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் முக்கியமான மரபணுக்கள் சில காணாமலே போயிருப்பதைக் காட்டியது. அவை இல்லாமல் எப்படி நோய்களைச் சமாளிக்கின்றன என்பது அடுத்த புதிர்.

இதற்கு நேர் எதிராக, மனைவிக்காக உழைத்துக் களைக்கும் கணவரும் கடலில் உண்டு. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக்கு அருகே, கடலடி மணலில் 2 மீட்டர் அகலத்துக்கு வட்டக் கோலங்கள் இருப்பதை 1995 வாக்கில் டைவர்கள் பார்த்தார்கள். யார் போட்டது என்று பல வருடங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிடிபட்டவர், ஒரு சாண்கூட இல்லாத பேத்தை மீன். துடுப்பை மட்டும் வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் மணலைக் கிளறிக் கிளறி வரைகிறது. நடுவில் நைசான மணல் சேரும். பெண் மீன் வந்து பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் அங்கே முட்டை இடும். பிடிக்கவில்லை என்றால்... போய்விடும், அவ்வளவுதான்.

டாக்ஸியில் போன `செத்துப்போன' மீன்

எனக்கு மிகவும் பிடித்த மீன் கதை இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1938 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு ஒரு மீன்பிடிக் கப்பல் வருகிறது. கேப்டன் ஹென்ட்ரிக் கூசன் வழக்கம்போல உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு போன் போடச் சொல்கிறார். அங்கே பொறுப்பில் இருந்தவர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர், வயது 31. பண்டிகை நேரம், வேலை நிறைய. சரி, ஊழியர்களுக்கு வாழ்த்தாவது சொல்லிவிட்டு வரலாம் என்று போகிறார். மீன் குவியலுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு துடுப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. விலக்கிப் பார்த்தால், சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், தடித்த செதில்கள், கை கால் மாதிரி சதைப்பற்றுள்ள துடுப்புகள்.

டாக்ஸி டிரைவர், `இந்த நாத்தத்தை ஏத்த முடியாது' என்று தகராறு செய்கிறார். எப்படியோ ஏற்றிக் கொண்டுவந்தால், வைக்க இடம் இல்லை. பிணவறையிலும் கேட்டுப் பார்த்தார், குளிர்சாதனக் கிடங்கிலும் கேட்டுப் பார்த்தார், இரண்டிலும் முடியாது என்றுவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டிசம்பர், கொளுத்தும் கோடை. வேறு வழியில்லாமல் தோலைப் பதப்படுத்தக் கொடுத்தார். உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போயின. கையால் ஒரு படம் வரைந்து, மீன் ஆய்வாளர் ஜே.எல்.பி.ஸ்மித்துக்குக் கடிதம் போட்டார். அவர் ஊரில் இல்லை. ஜனவரி தொடக்கத்தில்தான் கடிதம் கைக்குக் கிடைத்தது.

படத்தைப் பார்த்த ஸ்மித் ஆடிப்போனார். அது சீலகாந்த். பாறைகளில் படிவமாக மட்டுமே பார்த்த மீன். டைனோசர்களோடு சேர்ந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று எல்லாப் புத்தகமும் எழுதி முடித்திருந்த மீன். லாட்டிமரின் பெயராலேயே அதற்கு `லாட்டிமேரியா' என்று பெயர் வைத்தார்.

உள்ளுறுப்போடு இன்னொன்று வேண்டுமே! 100 பவுண்டு பரிசு அறிவித்து போஸ்டர் அடித்தார் ஸ்மித். 14 வருடம் காத்திருந்தார். 1952-ல் கொமோரோஸ் தீவுகளில் கிடைத்தபோது, கெட்டுப்போவதற்குள் எடுத்துவர தென்னாப்பிரிக்கப் பிரதமர் மலானிடம் பேசி விமானமே வாங்கிக்கொண்டு போனார். அங்கே போனால், தீவு மீனவர்களுக்கு அந்த மீன் ஏற்கெனவே தெரியும். `கொம்பெஸ்ஸா' என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். விஞ்ஞானம் செத்துவிட்டது என்று எழுதிய மீனை, சாப்பிட நன்றாக இருக்காது என்று அவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள்! 1997-ல் இந்தோனேசியாவின் மனாடோ மீன் சந்தைக்கு, தேனிலவுக்கு வந்த இடத்தில் போயிருந்தார்கள் உயிரியலாளர் மார்க் எர்ட்மனும் அவர் மனைவியும். அங்கே தள்ளுவண்டியில் இன்னொரு சீலகாந்த். அது தனி இனம் என்று பிறகு தெரியவந்தது. அந்த ஊரில் அதற்குப் பெயர் `ராஜா லாவுட்', கடல் ராஜா. நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

2021-ல் செதில்களில் உள்ள வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், சீலகாந்த் சுமார் 100 வருடம் வாழலாம் என்கிறார்கள். பெண் மீன் 50 வயதைத் தாண்டித்தான் குட்டி போடும் பருவத்துக்கே வருகிறது. வயிற்றில் குட்டியைச் சுமப்பது சுமார் 5 வருடம். தெரியாமல் வலையில் மாட்டும் ஒரே ஒரு பெண் மீனின் இடத்தை நிரப்ப எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் பக்கத்துக் குதிரை

குதிரைத் தலை, குரங்கு வால், செங்குத்து நடை. கடல் குதிரையும் மீன்தான், செவுளில்தான் மூச்சு விடுகிறது. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் வைத்துவிடும், பிரசவம் ஆணுக்கு. இரைப்பை கிடையாது, அதனால் நாள் முழுக்க எதையாவது சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டிலும் இவை வாழ்கின்றன. காயவைத்த கடல் குதிரைக்குச் சீன மருத்துவச் சந்தையில் நல்ல விலை. அதனால்தான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் என்று செய்தி வருகிறது. 2001 முதல் இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை உண்டு. டூர் போன இடத்தில் `அழகா இருக்கே' என்று காய்ந்த கடல் குதிரை கீ செயின் வாங்குவதும் இதில் சேரும். ஜாக்கிரதை.

இவர் நம்ம ஊர்க்காரர்

கடைசியாக, கடலே பார்க்காத ஒருவர். பனையேறிக் கெண்டை. குளம், வாய்க்கால், வயல் என்று சேற்றுத் தண்ணீரில் இருக்கும். பெயரிலேயே பனை இருக்கிறது அல்லவா? அந்தப் பெயரை உலக விஞ்ஞானத்துக்கு எடுத்துப்போனது தரங்கம்பாடி. அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். 1791-ல் அங்கே இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரப் பனை மரத்தின் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளியானது.

நிஜமாகவே பனை ஏறுமா? பருந்தோ காக்கையோ கவ்விக்கொண்டுபோய் மரத்தில் விட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். ஆனால் தரையில் நடக்கும், அதில் சந்தேகமே இல்லை. செவுள் மூடியில் இருக்கும் முள்ளை ஊன்றி, வாலால் உந்தி, குளம் வற்றினால் அடுத்த குளத்துக்கு இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், மேலே வந்து காற்று வாங்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் இந்த மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

இந்தத் திறமையே ஆஸ்திரேலியாவுக்குத் தலைவலி. பப்புவா நியூ கினியாவை ஒட்டிய போய்கு, சாய்பாய் என்ற தங்கள் தீவுகள் வரைக்கும் இது வந்துவிட்டது. பெருநிலத்துக்குள் நுழைந்துவிட்டால், விழுங்க வரும் பறவைகள், மீன்களின் தொண்டையில் முள்ளை விரித்துச் சிக்கிக்கொள்ளும் என்று அங்கே பயப்படுகிறார்கள். நம்ம ஊரில் சந்தையில் உயிரோடு வாங்கி வந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: சட்டிக்கு மூடி போட்டு, மேலே ஒரு கல்லை வையுங்கள். இல்லையென்றால் காலையில் கூடத்தில் தேட வேண்டியிருக்கும்.