கற்சிலைமடுக் கல்லில் ஒரு ஜேர்மன் பெயர்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி இந்த இடத்துக்கு அருகில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அதில் இருந்த செய்தி. அந்த இரண்டு பெயர்களில் நாம் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டோம். மற்றவரை 'வெள்ளைக்காரத் தளபதி' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் 'வொன்' என்பது ஆங்கிலப் பெயர்களில் வருகிற சொல் அல்ல. ஜேர்மன் பிரபுக் குடும்பங்கள் தம் பெயருக்கு முன்னால் போடுகிற சொல் அது. 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள். டிறிபேர்க் என்பதும் வட ஜேர்மனியின் மெக்லன்பேர்க் பகுதியில் இருந்த ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் பெயர்.

ஜேர்மன் பெயர் ஒன்று வன்னிக் காட்டுக்குள் எப்படி வந்தது?

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வழியாகத்தான். 1602 இல் தொடங்கிய அந்தக் கம்பனி தன் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வாழ்நாளில் பத்து இலட்சத்துக்குக் கிட்டிய ஆட்களை ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களில் திரும்பிப்போய்ச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஒல்லாந்து சின்ன நாடு. அத்தனை பேருக்கு எங்கே போவது? ஆகவே ஜேர்மன் கிராமங்களில் இருந்து வேலை தேடி அம்ஸ்ரடாமுக்கு வந்தவர்களைப் பிடித்தார்கள். 18 ஆம் நூற்றாண்டில் கம்பனிப் படைவீரர்களில் பெருந்தொகையினர் ஜேர்மன்காரர். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, கடனாளியாக்கி, கப்பலில் ஏற்றிவிடும் தரகர்களும் இருந்தார்கள். ஒல்லாந்து மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'ஆன்மா விற்பவர்கள்'.

இதே காலத்தில் இதே ஜேர்மன் கிராமங்களில் இருந்து இன்னொரு கூட்டம் றைன் ஆற்று வழியே றொட்டர்டாமுக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியது. பயணச் செலவுக்குக் காசில்லாதவர்கள் பிலடெல்பியாவில் இறங்கியதும் சில வருட உழைப்பை விற்றுக் கடனைத் தீர்த்தார்கள். ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஒருவன் கடனோடு மேற்கே போனான், ஒருவன் கடனோடு கிழக்கே வந்தான்.

படித்தவர்களும் அப்படித்தான் பிரிந்தார்கள். தமிழ் அகராதி செய்த பப்ரிசியஸை எங்கள் பாடநூல் படித்தவர்களுக்குத் தெரியும். ஹல்லே நகரத்துத் திருச்சபை நிறுவனம் 1740 இல் அவரைத் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பியது. அதே நிறுவனம் 1742 இல் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியவர் மூலன்பேர்க். இவருடைய அகராதி 1779 இல் அச்சானது. அவருடைய மகன் 1789 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர் ஆனார்.

சரி, இவர்களுடைய வம்சத்தை இன்று தேடுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? ஆச்சரியப்படுவீர்கள். பென்சில்வேனியாவில் 1727 முதல், கப்பலில் வந்த ஜேர்மன் ஆண்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒல்லாந்தக் கம்பனியோ ஒவ்வொரு கப்பலுக்கும் சம்பளப் பேரேடு வைத்திருந்தது. பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், பட்ட கடன், வேலை முடிந்த நாள், முடிந்த விதம் எல்லாம் அதில் உண்டு. 18 ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளின் விவரங்களை ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்திலேயே தேடும்படி செய்து வைத்திருக்கிறது. இலங்கையில் தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளும் திருமணப் பதிவுகளும் தோம்புகளும் உள்ளன. 1908 இல் உருவான ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது. 'ஒல்லாந்தப் பறங்கியர்' என்று நாம் சொல்கிற பல குடும்பங்களின் முதல் ஆள் ஜேர்மன்காரன் என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தெரியும்.

இதில் மூன்று விஷயங்களை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்லுவேன்.

முதலாவது, இந்தப் பேரேடுகளை யாரும் அன்பினால் எழுதவில்லை. கம்பனிக்குக் கடன் கணக்கு வேண்டும், மன்னருக்கு விசுவாசம் வேண்டும். அதிகாரத்துக்குத் தேவைப்பட்டவன்தான் எழுதப்பட்டான். பிலடெல்பியாவில் கையெழுத்து வைத்தது பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். அதே கப்பலில் வந்த தாயும் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையில் கம்பனிக்காரர் மணந்த உள்ளூர்ப் பெண்கள் பலர் ஞானஸ்நானப் பெயர் ஒன்றோடு மட்டும் நிற்கிறார்கள். அவர்களுடைய தகப்பன் யார், ஊர் எது என்று எழுதியவர் கேட்கவில்லை.

இரண்டாவது, பெயர் மாறும். அமெரிக்காவில் முல்லர் மில்லர் ஆனான், ஷ்மிட் ஸ்மித் ஆனான். இலங்கையில் 'வொன்' உதிர்ந்து டிறிபேர்க் மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்.

மூன்றாவது, ஒரே பெயர் என்பதால் ஒரே ஆள் என்று எழுதிவிடக் கூடாது. ஜேர்மன் வீடுகளில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் 'யோஹான்' என்று முன்பெயர் வைப்பார்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரால். தெரியாதவன் பட்டியலைப் பார்த்தால் குழம்பிப்போவான். எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் 'முகம்மது' வைத்துவிட்டு மற்றப் பெயரால் கூப்பிடுகிறோமே, அதேதான். நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகளைத் தேடுகிறவனுக்கும் இதே தலையிடி காத்திருக்கிறது.

இனிக் கற்சிலைமடுவுக்கு வருவோம். 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்ததும் கம்பனிக் குடும்பங்கள் பல இங்கேயே தங்கின. சிலர் ஆங்கிலேயரிடம் சேவைக்குப் போனார்கள். 1803 ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோது அங்கே பொறுப்பில் இருந்தவர் இதே டிறிபேர்க். வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலேயப் படை மூன்று பக்கமாக வன்னிக்குள் இறங்கியது. கற்சிலைமடுவில் முடிவு எழுதப்பட்டது.

அந்தக் கப்டனின் முன்னோரைத் தேடுகிறவனுக்கு ஹேக்கில் ஒரு கதவு, கொழும்பில் ஒரு கதவு, ஜேர்மனியில் ஒரு கதவு என்று திறந்திருக்கிறது. அந்தப் பெயர் பிறகும் இந்த நாட்டில் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடசாலைத் தோட்டங்களுக்கு அத்தியட்சகராக இருந்தவர் ஒரு டிறிபேர்க். சாவகச்சேரியில் டிறிபேர்க் கல்லூரி என்று தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பாடசாலையே இருக்கிறது. பண்டாரவன்னியனுக்கு? அவர் இறந்தது 1803 இலா 1811 இலா என்பதிலேயே இரண்டு கணக்கு. அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது கர்ணபரம்பரைக் கதையும், முள்ளியவளை முல்லைமணி எழுதியது போன்ற நாடகமும்தான்.

அதே 1803 இல் கண்டியில் ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் இருந்த கப்டன் நூருத்தீன், மன்னருக்குச் சேவை செய்ய மறுத்துக் கொல்லப்பட்டார். அதிகாரி என்பதால் அவருடைய பெயர் மிஞ்சியது. அவருக்குக் கீழே நின்ற மலாய்ச் சிப்பாய்களின் உம்மா வாப்பா யார் என்று யாருக்குத் தெரியும்?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்த குடும்பங்கள் காணி உறுதிகளை, நிக்காஹ் பதிவுகளை, படங்களை விட்டுவிட்டுத்தான் போயின. 2009 இல் எங்கள் தமிழ்ச் சகோதரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது அவர்களுடைய பெட்டிகளும் மண்ணோடு போயின. மீளக் குடியேறிய பிறகு, 'இது உங்கள் மூத்தவாப்பாவின் காணி என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்விக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும், வம்சாவளி என்பது பெருமைக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல என்று.

எங்களுக்கு ஹேக்கில் பேரேடு இல்லை. எங்கள் பேரேடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற உம்மம்மாவும் அப்பம்மாவும்தான். அவர்களிடம் இருப்பதை இப்போதே எழுதுங்கள். முழுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், காணி எந்தக் குளத்துக்குக் கீழே, நான்கு எல்லையிலும் யார் இருந்தார்கள், எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்று கேளுங்கள். முக்கியமாகப் பெண்களின் தகப்பன் பெயரையும் ஊரையும் விடாதீர்கள். கம்பனி எழுத்தர் விட்ட பிழையை நாமும் விடக்கூடாது. சொன்னவர் யார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் கீழே போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கிற உறவினரிடம் கொடுங்கள்.

அடுத்த தவணையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் பிள்ளை என்றில்லாமல், இதுதான் வீட்டுவேலை, இன்ஷா அல்லாஹ். பெற்றோரே, பிள்ளை கொப்பியோடு வந்து கேட்டால் 'பிறகு பார்ப்போம்' என்று அனுப்பிவிடாதீர்கள்.