பாட்டிலில் வந்த சர்க்கரை

தொண்ணூறுகளில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது சிறுநீர் டானிக் பாட்டிலில் வரும், ஊசி மருந்துக் குப்பியில் வரும். சர்க்கரை பார்க்க அமெரிக்கர் ஸ்டான்லி பெனடிக்ட் 1909 வாக்கில் தந்த நீலக் கரைசல்தான். 5 மில்லியில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும். பாட்டிலில் ஒட்டியிருந்த குளுக்கோஸ் டானிக்குக்கும் அப்படியே ஏறும்.

பிறகு சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் வந்தது. அது எங்கள் ஊரில் வேறு விதமாக ஏமாந்தது. ஸ்ட்ரிப்பிலுள்ள நொதி, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அதுதான் நிறத்தை மாற்றும். பனியன் துணியை வெளுக்க ப்ளீச்சிங் பட்டறையில் ஊற்றுவதும் அதே பெராக்சைடு. பட்டறையின் காலி பாட்டிலை அலசி அதில் சிறுநீர் கொண்டுவந்தார் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா. சர்க்கரைக் கட்டம், ரத்தக் கட்டம் இரண்டுமே நிறம் மாறின. பெனடிக்டில் காய்ச்சிப் பார்த்தேன், நீலம் அசையவில்லை. ரத்தச் சர்க்கரையும் சரியாகவே இருந்தது. முன்பு வேறோர் இடத்தில் இப்படித்தான் ஸ்ட்ரிப்பில் பார்த்து, சர்க்கரை என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி அவர் சோற்றைப் பாதியாக்கியிருந்தார்.

கிருமிக் கணக்கில் இன்னும் சிக்கல். 1956-ல் பாஸ்டனில் மருத்துவர் எட்வர்ட் காஸ், ஒரு மில்லிக்கு 1 லட்சம் கிருமி என்று எல்லை வைத்தார். அதைத் தாண்டினால் தொற்று, குறைந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டியது. உடனே பார்க்கும் சிறுநீருக்குத்தான் அந்தக் கணக்கு. “காலையில புடிச்சதுங்க, ஷிப்ட் முடிச்சுத்தான் வர முடிஞ்சுதுங்க” என்று ராத்திரி நீட்டினால், டிபன் பையின் சூட்டிலேயே ஒட்டிய கிருமி பெருகியிருக்கும். சித்தர் தேரையர் சிறுநீர்ச் சோதனை பற்றிச் சொன்ன நீர்க்குறியில் இதற்கு விதியே உண்டு: அளவாக உண்டு உறங்கி, வைகறையில் கண்ணாடிக் கலத்தில் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளியின் வடிவில் நோயைக் கணிக்கும் அவர் முறை என் வழியல்ல. கலத்திலும் நேரத்திலும் அவர் காட்டிய கண்டிப்பு எனக்குப் பெரிது.

கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிக்காத கம்பெனிப் பெண்களுக்கு நிஜமாகவே தொற்று வருகிறது. சாம்பிள் கெட்டால் தொற்று இல்லாதவர் ஆன்டிபயாடிக் சாப்பிடுவார், இருப்பவருக்கு ‘மிக்ஸ்டு குரோத்’, அதாவது பல கிருமிகளின் கலப்பு, என்று எழுதிவிடுவார்கள். அதனால் மைக்ராஸ்கோப்பில் தோலின் செதில் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் நான் ரிப்போர்ட் தருவதில்லை. புது டப்பா கொடுத்து, கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் பிடிக்கச் சொல்லி, லேப் கழிப்பறையைத் திறந்துவிடுகிறேன். மறு சோதனைக்குக் காசு வாங்குவதில்லை.