கிட்டி

சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் 1855ஆம் வருஷத்து ஆங்கில அறிக்கையில் 'கிட்டி' என்ற நம் சொல்லைக் கண்டேன். கையை நெரிக்கும் மரக்கருவி. அன்று வரி வசூலித்த சேவகர்களே போலீஸ் வேலையும் பார்த்தார்கள். வரி பாக்கிக்கும் வாக்குமூலத்துக்கும் ஒரே கருவி.

1859இல் சட்டம் போட்டுப் போலீஸைத் தனி இலாகாவாக்கினார்கள். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், போலீஸாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. கூடவே ஒரு சந்தும் விட்டது: அதைக்கொண்டு பொருள் அகப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும். 2023இல் வந்த புதிய சட்டத்திலும் இரண்டும் அப்படியே. அடிப்பவனுக்கு அந்தச் சந்து போதும்.

போலீஸ் பயிற்சியில் மனித உரிமை ஒரு பாடம். அதைக் கருணைப் பாடமாக நடத்திப் பயனில்லை என்றே நினைக்கிறேன். இந்த அறிக்கையை வாசிக்கச் சொல்லலாம். கிட்டியைப் பிடித்தவர்களும் வேலையை முடிக்க நினைத்த சாதாரணச் சிப்பந்திகள்தான்.