பெயரைக் கழற்றிய முதலை

கம்பெனி வளர வளர அதோட லோகோ என்ன ஆகும்? அழகாகும்னு நினைப்போம். நான் கவனிச்ச வரைக்கும் எழுத்து குறையும். நைக்கி 1971-ல அந்த வளைகோட்டைப் போட்டப்போ கூடவே பெயரும் இருந்தது. 1995-ல பெயரை எடுத்துட்டாங்க. கோட்டைப் பார்த்தாலே தெரியும்ங்கிற தைரியம்.

அந்தத் தைரியம் எல்லாருக்கும் செல்லுபடியாகுமா? நம்ம அவிநாசி வரைக்கும் வந்த ஒரு முதலைக் கதை இருக்கு.

1920-களில் பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட்டுக்குப் பட்டப்பெயரே 'முதலை'தான். நண்பர் வரைஞ்சு கொடுத்த முதலையை பிளேசர்ல எம்ப்ராய்டரி போட்டுக்கிட்டு ஆட வந்தார். 1933-ல ஆந்த்ரே ஜில்லியேங்கிற பின்னலாடை முதலாளியோட சேர்ந்து, பிக்கே துணியில காலர் வெச்ச டி-ஷர்ட் விற்க ஆரம்பிச்சார். ஜில்லியே ஊர் த்ருவா. பிரான்ஸோட திருப்பூர்னு வெச்சுக்கலாம். பொதுவா கழுத்து லேபிளுக்குள்ள ஒளிஞ்சிருந்த கம்பெனி அடையாளம், இவங்க கையில நெஞ்சுக்கு வந்துடுச்சு.

சிங்கப்பூர்ல 1947-ல இன்னொரு முதலை கிளம்புச்சு, குரோக்கடைல் இன்டர்நேஷனல். பிரெஞ்சு முதலை வலது பக்கம் பார்க்கும், இது இடது பக்கம். முட்டி மோதி, 1983-ல ஆசியாவுல சில நாடுகளுக்கு மட்டும் சமாதான ஒப்பந்தம் போட்டாங்க. அந்தப் பட்டியல்ல இந்தியா இல்ல.

இப்போ திருப்பூர். இங்கே எக்ஸ்போர்ட் கம்பெனி எவ்வளவு பெருசானாலும் அதோட லோகோ உங்க கண்ணுல படாது. நெஞ்சுல, கழுத்துல, பாலி பேக்ல எல்லாமே பையர் அனுப்புற ஆர்ட்வொர்க்தான். அவிநாசியில 1989-ல தொடங்கின எஸ்.பி. அப்பேரல்ஸ் அப்படித்தான், குழந்தைகள் பின்னலாடை தைச்சு ஏற்றுமதி பண்ணி வளர்ந்தது. உள்ளூர்ல விற்க நினைச்சப்போ எடுத்தது சிங்கப்பூர் முதலையோட உரிமத்தை. புதுப் பெயரை மனசுல பதிய வைக்க ஆகுற செலவையும் வருஷத்தையும் பார்த்தா, கணக்கு எனக்குப் புரியுது.

ஆனா 2001-லயே லகோஸ்ட், சிங்கப்பூர் கம்பெனி மேல டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்கு போட்டிருந்தது. தீர்ப்பு வந்தது 2024 ஆகஸ்ட்டில். ஆமாங்க, 23 வருஷம்! தனி நீதிபதி சொன்னது: 1983 ஒப்பந்தம் இந்தியாவுக்குப் பொருந்தாது, பெயர் இல்லாம தனியா நிக்கிற அந்த முதலைப் படம் லகோஸ்ட்டோட வர்த்தக முத்திரையை மீறுது. லகோஸ்ட் வெச்ச எல்லாக் குற்றச்சாட்டையும் அவர் ஏத்துக்கல. தடை அந்தத் தனிப் படத்துக்குத்தான்.

இடது பக்கம் பார்க்குதுங்கிற வாதம் எடுபடல. எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர்ல 'மிர்ரர்' பட்டனை ஒரு தடவை அமுக்கினா எந்த முதலையும் திரும்பிடும், அவ்வளவுதான் அந்த வித்தியாசம்.

மூணாவதா ஹாங்காங்ல ஒரு முதலை உண்டு. அது 2003-லயே லகோஸ்ட்டோட சமரசத்துக்கு வந்து, வாலை நல்லாத் தூக்கி வேற மாதிரி வரைஞ்சுக்கிட்டது.